நாற்பது விசையில் அடித்த கல்வெட்டு

யூன் 6, வெள்ளி. பி.ப. 1.10: கொழும்பிலிருக்கும் மகன் நிமலனிடமிருந்து குறுஞ்செய்தி. பி.ப. 1.12: பதில் அனுப்பப்பட்டது.
யூன் 8, ஞாயிறு. நிமலன் மருத்துவமனையில் அனுமதி. டெங்குக் காய்ச்சல்.
யூன் 10, செவ்வாய். மு.ப. 5.40: நிமலன் காலமானான். வயது முப்பத்து நான்கு.
யூன் 12, வியாழன். சண்டிலிப்பாய் இல்லத்தில் கிரியை. தகனம்.
யூலை 7, திங்கள். கல்வெட்டின் இறுதிப் பிரதி அச்சகத்துக்கு அனுப்பப்பட்டது.
யூலை 10, வியாழன். முப்பத்தோராம் நாள். கல்வெட்டு முந்நூறு பிரதிகள் வழங்கப்பட்டன. பிழை ஒன்று.

இக்கட்டுரை கடைசி இரு சொற்களைப் பற்றியது மட்டுமே. மற்றவற்றை விரித்து எழுத என்னால் இயலாது.

கல்வெட்டு என்றதும் வெளியூர் வாசகர் கருங்கல்லைத் தேட வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அச்சிட்டு வழங்கும் நினைவுப் புத்தகத்துக்கு அதுதான் பெயர். முகப்பில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்து மறந்துவிடுவார்கள். நான் மறப்பதில்லை. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற தகுதியில், கைக்கு வரும் ஒவ்வொரு கல்வெட்டையும் சிவப்புப் பேனாவுடன் வாசித்து, பிழைகளை வட்டமிட்டு, பக்க ஓரத்தில் விளக்கமும் எழுதித் திருப்பி அனுப்பிவந்தேன். துக்க வீட்டுக்கு. தபாலில். (வேறை ஆரும் உந்த வேலை பாத்திருந்தால், மனிசனுக்கு மூளை தட்டிப்போச்சுது எண்டு நானே சொல்லியிருப்பன்.)

இந்தத் தொண்டில் உறவு பார்த்ததில்லை. கரவெட்டியிலிருக்கும் மச்சான் தேவராசா, என் மனைவியின் அண்ணன், தன் தாயாரின் கல்வெட்டில் ‘ஆறாத் துயர்’ என்பதை ‘ஆராத் துயர்’ என்று அச்சிட்டிருந்தார். நான் அந்த ரகரத்தை வட்டமிட்டு, ‘ஆராத என்றால் தெவிட்டாத என்று பொருள். உங்களுக்குத் துயர் தெவிட்டவில்லையா?’ என்று எழுதி அனுப்பினேன். அவர் தாயார் எனக்கு மாமியார் என்பதை மனைவி நினைவூட்டினாள். அதன்பின் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. வீடு அமைதியாக இருந்ததால் வேறு இரண்டு கல்வெட்டுகளைத் திருத்தி முடித்தேன்.

ஆகவே என் மகனுடைய கல்வெட்டில் ஒரு புள்ளி தவறினாலும் மச்சான் வழியாக வடமராட்சி முழுவதும் பேசும் என்பதை நான் அறிவேன். அவனுக்கு நான் இனிச் செய்யக்கூடியது பிழையற்ற பதினாறு பக்கங்கள்தான் என்றும் தீர்மானித்திருந்தேன். மருதனார்மடத்து அச்சகத்தாரிடம், நானே தட்டச்சுச் செய்து நானே மெய்ப்புப் பார்த்துத் தருவேன், நீங்கள் அச்சிட்டால் போதும் என்றேன். அவர் நிம்மதியடைந்ததை மறைக்கவில்லை.

தட்டச்சுக்கு நான் தேர்ந்தெடுத்த கருவி நிமலனுடைய விசைப்பலகை.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனே உதிரிகளை வரவழைத்துத் தன் கையால் பொருத்திய பலகை அது. நீளம் ஓர் அடிமட்டத்திலும் குறைவு. விசைகள் மொத்தம் நாற்பது. எண்களுக்கான வரிசை இல்லை. விசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, நாற்று மேடையில் நட்டதுபோல நேர் நிரலில் நின்றன. எந்த விசையிலும் எழுத்துப் பொறிக்கப்படவில்லை. எண் வேண்டுமானால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்த வேண்டும். குறியீடு வேண்டுமானால் வேறொன்றை. எந்த விசை எதைச் செய்யும் என்பதை வைத்திருப்பவனே விதித்துக்கொள்ளலாம்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது அதை மேசையில் வைத்து எனக்குக் காட்டினான். நான் அடிமட்டத்தை எடுத்து அளந்து பார்த்தேன்.

“பல்லுக் கொட்டுண்ட கிழவன்ரை வாய் மாதிரிக் கிடக்கு. மிச்சத்தை எங்கை விட்டிட்டு வந்தனி?”

“தேவையில்லாததை எடுத்தாச்சு அப்பா. விரல் போற தூரத்துக்குள்ளை எல்லாம் இருக்கு. கையை அசைக்கத் தேவையில்லை.”

“எழுத்தில்லாத பலகையிலை எழுதுறவன் எழுத்தறிவில்லாதவன்.”

அவன் சிரித்தான். “உங்களாலை ஏலாது அப்பா,” என்றான்.

உயிரோடிருந்தபோது தொட மறுத்ததை இறந்தபின் தொட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. என் கணினியோடு வந்த ஒழுங்கான பலகையை ஒதுக்கிவிட்டு அவனுடையதைப் பூட்டியதற்குக் காரணம் அந்த ‘ஏலாது’தான். தட்டெழுத்தில் உயர்தரச் சித்தி பெற்றவன் நான். செத்துப்போன பிள்ளையிடமும் தோற்க விரும்பாத தகப்பன்.

முதல் நாள் ‘நிமலன்’ என்ற நான்கு எழுத்தை அடிக்க ஒரு காலைப்பொழுது கழிந்தது. இரண்டாம் நாள் அவனுடைய பிறந்த திகதியை அடிக்க முயன்று, திரையின் ஒளியைக் கூட்டினேன், குறைத்தேன், இருந்தாற்போல் ஏதோ பாட்டையும் ஒலிக்கவிட்டேன். (செத்தவீட்டுத் துடக்குக்குள்ளை பாட்டு. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்தவை.) இளையவள் சுதா எண்களுக்கு ஒரு படம் வரைந்து தந்தாள். ஐந்தாம் நாள் விரல் பழகியது. பத்தாம் நாள், ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல பலகையாக இருந்தது.

யூலை ஏழாம் திகதி முற்பகல் நன்றி நவிலலின் கடைசி முற்றுப்புள்ளியை வைத்தேன். நான்கு முறை மெய்ப்புப் பார்த்தாயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதுவரை நாள்தோறும் சேமித்துத் தந்தவள் சுதா; அன்று நானே சேமிக்க நினைத்தேன். சேமிப்பதற்குக் கண் தேவையில்லை. எந்தப் பலகையிலும் அதற்கான இரு விசைகளில் முதலாவது இடது கீழ் மூலையில் இருக்கும் என்பது நாற்பது விசைகள் பழகிய பின்னும் என் சுண்டுவிரல் விடாத நம்பிக்கை. அந்த மூலையை அழுத்தினேன். அடுத்த விசைக்கு விரல் போகுமுன் அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் எழுந்து, அச்சகத்துக்கு அனுப்பும்படி சுதாவிடம் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்தாள். “அப்பா, நீங்கள் ஒருக்கா வந்து பாக்கிறியளோ?”

“நான் பாத்திட்டன் பிள்ளை. ஒண்டும் தொடாமல் அனுப்பு.”

அனுப்பினாள்.

முப்பத்தோராம் நாள் மச்சான் கரவெட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா ஒன்று வெளியே தெரியும்படி செருகப்பட்டிருந்தது. சாப்பாடு முடிந்து பந்தலில் கல்வெட்டு வழங்கப்பட்டதும், தாய்மாமன் என்ற முறையில் நன்றி நவிலலைத் தானே வாசிப்பதாகச் சொன்னார். எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து வாங்குபவரைப்போல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிழை அகப்படவில்லை. அவர் முகம் வாடிவருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மகிழ்ச்சி அது.

“அனைவர்க்கும் எமது உளமார்ந்த நன்றிகள் உரித்தாகுக,” என்று வாசித்தார். நிறுத்தாமல் அதே குரலில் அடுத்ததையும் வாசித்தார். “ஓம் அப்பா, சாப்பிட்டன். வேலையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்.”

வாசித்து முடித்த பின்தான் அவருக்கு விளங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி, யாருக்கோ விடை சொல்பவள்போல, “ஓம், உப்பிடித்தான் சொல்லுவான்,” என்றாள். அதன்பின் பந்தல் முழுவதும் அழுதது.

என்னோடு படிப்பித்த ஒருவர் வந்து கையைப் பற்றிக்கொண்டார். ஆயுள் முழுக்க இலக்கணத்தைக் கட்டிப்பிடித்திருந்த மனிதர் கடைசியில் மகனைக் கதைக்க விட்டுவிட்டார் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பதினாறு பக்கங்களில் என்னுடைய பதினைந்தே முக்கால் பக்கத்தைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை. நான் எழுதாத ஒரு வரிக்கு வந்த பாராட்டுகளைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். (அது நான் எழுதேல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை.)

மச்சான் கடைசியாக வந்தார். பேனாவைத் திறந்து தன் பிரதியில் மூன்று வட்டம் போட்டார்.

“சாப்பிட்டேன், நிற்கிறேன், கதைக்கிறேன். அச்சிலை உப்பிடித்தான் வரவேணும் மச்சான். நீர்தான் சொல்லித் தந்தது.”

பிரதியை என் மடியில் வைத்தார். பேனாவை மூட அவருக்கு நேரம் எடுத்தது. மூடி பொருந்தவில்லை.

பிற்பகல் சனம் கலைந்தபின் கணினியின் முன் இருந்து, இடது கீழ் மூலை விசையை ஒரு தடவை அழுத்தினேன். ‘ஓம் அப்பா, சாப்பிட்டன். வேலையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்.’ மீண்டும் அழுத்தினேன். மீண்டும் அதே வரி. அதே காற்புள்ளி.

கைபேசியை எடுத்தேன். நாள்தோறும் பகல் ஒரு மணிக்கு ‘உணவருந்தினாயா?’ என்று அவனுக்கு எழுதுவது என் வழக்கம். நாள்தோறும் இந்த விடை வந்திருக்கிறது. அதே காற்புள்ளியோடு. மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். அவ்விடை முதன்முதல் வந்த நாளுக்கு முந்திய நாள், அவன் எனக்கு ஒரு நீண்ட செய்தி எழுதியிருந்தான். இந்தப் பலகையைப் பற்றி. நாற்பது விசையையும் தானே சோல்டர் பிடித்ததையும், முதல் எழுத்து திரையில் வந்தபோது தன் அறையில் தனியாகக் கைதட்டியதையும். அதற்கு என் பதில் கீழே இருந்தது: ‘திருத்தங்கள் ஐந்து. சோல்டர் என்பதற்குப் பற்றாசு என்ற நல்ல தமிழ்ச் சொல் உண்டு.’

அதன்பின் எனக்கு அவன் விரல் அசைக்கவில்லை, ஒரு விரலைத் தவிர.

ஒரேயொரு விலக்கு உண்டு. யூன் ஆறாம் திகதி, படுக்கையிலிருந்து, கைபேசியில் தானே அடித்தது: ‘அப்பா காச்சல் விடேல்லை’. இரண்டு நிமிடத்தில் நான் அனுப்பிய பதில் ஒரு சொல். ‘காய்ச்சல்.’

சுதா என் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

“அண்டைக்கு அனுப்பேக்கை நான் கண்டனான் அப்பா,” என்றாள். “நீங்கள் வேணுமெண்டு எழுதினதெண்டு நினைச்சன். ஒருக்கா எண்டாலும் அண்ணையைத் திருத்தாமல் விட்டிட்டியள் எண்டு.”

நான் விசையைக் காட்டினேன். அவள் தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு, எண்களுக்கே இடமில்லாத பலகையில் உங்களுக்கென்று ஒரு விசை முழுதாக ஒதுக்கியிருக்கிறாரே என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். அதை நான் அன்பாகவும் அவமதிப்பாகவும் வாசித்துப் பார்த்தேன். இரண்டு பொருளும் இலக்கணப்படி பொருந்துகின்றன.

இப்போது எங்கள் உறவினரிடையே அது ஒரு வழக்கு. எந்தச் சபையிலும் என்னிடம் எவராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால், நான் வாய் திறக்குமுன் ஒருவர், “ஓம் அப்பா, சாப்பிட்டன்,” என்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். மனைவியும் சிரிப்பாள். போன மாதம் மானிப்பாயிலிருந்து ஒரு குடும்பம் வந்து, தங்கள் தகப்பனாரின் கல்வெட்டுக்கும் ‘உருக்கமாய் அப்பிடி ஒரு வசனம்’ எழுதித் தரச் சொல்லிக் கேட்டது. எனக்கு ஏலாது என்றேன். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செய்யாமல் இருப்பவை:

திருத்திய பதிப்பு அச்சிடுதல். (மிஞ்சின பிரதியள் அலமாரிக்குள்ளை.)
மச்சானுக்குக் கடிதம்: ‘ஆராத் துயர்’ பிழையன்று, என் வட்டத்தை மீளப் பெறுகிறேன்.
வலது கீழ் மூலை விசையில் என்ன இருக்கிறது என்று பார்த்தல்.
யூன் 6, பி.ப. 1.10 செய்திக்குப் பதில்.