வெந்நீர்த் தொட்டி அலமாரிப் போர்

வாழ்க ஹாலிஃபாக்ஸ் நகரத்து வில்ஃப்ரெட் ஆக்ராய்ட்! மழையோயா யார்க்ஷயர் மலைச்சரிவுகளில் ஆயுளெல்லாம் பேருந்தோட்டிய பெருந்தோளன், பார்லிப் படையின் தலைவன், ஈஸ்ட் என்னும் கண்காணாச் சேனையைக் கண்ணாடிக் கோட்டையில் அடைத்துப் பணிகொள்ளும் பேராண்மையன்! அவன் புகழைப் பாடுதற்கு, நுரையின் அதிதேவதையே, எம் நாவில் பொங்குக. தயவுசெய்து அளவோடு பொங்குக!

மகள் ராஸலிண்டின் நிச்சயதார்த்த விருந்தில், சம்பந்தி ஜெரால்ட், "எதுக்குங்க இந்த வயசுல பீர் காய்ச்சற சிரமம்? கடையில நல்ல பீரா சொல்லிடலாமே" என்று எல்லார் முன்னும் இளித்தபோது, சினவேங்கையென எழுந்த வில்ஃப்ரெட், "எம்மக கல்யாணத்துல என் கையால காய்ச்சின பீர்தான் ஓடும்!" என்று வஞ்சினம் உரைத்தான். உரைத்த பின்புதான் கணக்குப் போட்டான். பெரிய அண்டாவில் காய்ச்சிக் கெட்டுப்போனால் ஊர் சிரிக்குமே! ஆகவே தேன் சேர்த்தது, இஞ்சி சேர்த்தது, கருக வறுத்த பார்லி சேர்த்தது என மூன்று கண்ணாடிச் சாடிகளில் சிறிது சிறிதாகக் காய்ச்சி ஊற்றி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் காற்றுப்போக்கிக் குழாய் செருகி, துண்டுகள் அடுக்கிய வெந்நீர்த் தொட்டி அலமாரியின் கதகதப்பில் நொதிக்க வைத்தான். குழாய்கள் மூன்றும் குளுக் குளுக்கெனப் பரணி பாடின.

சனிக்கிழமை நண்பகலில் கறுத்த சாடி பாடுவதை நிறுத்தியது.

ஊழிக்கடலென ஏறிய நுரை குழாயை அடைத்துவிட்டது! ஓடிவந்து கதவைத் திறந்த வீரன் தக்கையைத் தொட்டானோ இல்லையோ, அது வச்சிராயுதமாய்ப் பாய்ந்து கூரையைத் தாக்க, மதகுடைந்த ஏரியை மார்பால் தடுப்பான் போல அவன் கட்டைவிரலால் சாடியின் வாயைப் பொத்த, விரலின் இருமருங்கும் பீறிட்ட நுரையம்புகளில் ஒன்று அவன் கண்ணையும் ஒன்று வெண்துகில் அடுக்கையும் துளைத்தன.

"டோரீன்! ஓடியா! கோட்டை விழுது!"

மனைவி வந்தாள், கண்டாள், கண் சிவந்தாள்.

"கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குன்னு துவைச்சு வச்ச துண்டுய்யா அது! கைய எடு!"

"எடுத்தா எல்லாம் போயிடும்டி!"

"எடுக்காட்டி ஜாடி வெடிச்சு நீ போயிடுவ. எடுய்யா!"

மீன்தொட்டித் தண்ணீர் மாற்றவென்று வாங்கிய புதுக்குழாயைக் கொணர்ந்த அக்கொற்றவை, விரல் விலகிய கணத்தில் ஒரு முனையைச் சாடியின் கழுத்தில் திருகி இறக்கி, மறுமுனையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாள். சீறிய நுரை, பாகனைக் கண்ட மதயானையாய், வாளிக்குள் அடங்கி நடந்தது.

டோரீன் தன் மணிக்கட்டில் வழிந்ததை நக்கிப் பார்த்தாள். மறுபடியும் நக்கினாள்.

"தேனும் வேணாம், இஞ்சியும் வேணாம். இதையே அண்டாவுல காய்ச்சு. அந்த ஜெரால்ட் அப்புறம் வாயத் திறக்கட்டும், பாக்கறேன்."

வெற்றி! வெற்றி! அப்போது விண்ணோர் மலர்மாரி பொழிந்தனரோ, எண்திசை யானைகளும் துதிக்கை உயர்த்திப் பிளிறினவோ, முரசங்கள் தாமே அதிர்ந்தனவோ, யாம் அறியோம்.

டோரீன் டீ போடப் போனாள்.