கெலுலுட்டிடம் சொன்ன ரகசியம்

கமலநாதன் வீட்டுச் சாவியால் பெட்டியை மூன்று முறை தட்டினார். பிறகு குனிந்து, தேனீக்கள் வந்து போகும் குழாய் வாசலில் வாயை வைத்துச் சொன்னார்.

"எங்க ரூபினி முழுகாம இருக்கா. மூணு மாசம். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளிய விட்டுறாதீங்க."

"யாருகிட்டண்ணே பேசுறீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு பரக்கத் நிஷா வாழை இலைக் கட்டோடு நின்றிருந்தாள். தினமும் காலையில் தன் வீட்டு வாசலில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்பவள். உலு திராமில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க அவளிடம்தான் வரிசையில் நிற்கும்.

கமலநாதனுக்குக் காது வரை சூடேறியது.

"தேனீகிட்டம்மா. இங்கிலாந்துல எங்க சம்பந்தியம்மா ஊரு வழக்கம். வீட்டுல நல்லது கெட்டது எது நடந்தாலும் தேனீக்குச் சொல்லிரணுமாம். சொல்லலேன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருமாம்."

நிஷா சிரிக்கவில்லை. "அப்ப சொல்லித்தான் ஆவணும் லா" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றதும், கமலநாதன் கொட்டத் தெரியாத அந்தச் சின்னஞ்சிறு கெலுலுட் தேனீயை ஒரு பெட்டி வாங்கி வந்து கொல்லையில் வைத்தார். கொஞ்ச நாளாகத் தேனீ குறைந்துகொண்டே வந்தது. காரணம் புரியாமல் தவித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் விடை கிடைத்தது.

சம்பந்தி மார்கரெட், இங்கிலாந்தில் டெவன் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் மகனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும் மகள் ரூபினிதான் தமிழில் சொல்லுவாள். இரவானால் நடந்துபோய் ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வரும் பாறைகள். நாற்சந்தியில் நிற்கும் ராட்சதக் கருப்பு நாய். "அது நம்ம முனீஸ்வரன் நாய்தான். வெள்ளைக்காரன் கப்பல்ல ஏறிப் போயிருக்கும்" என்று அப்போதெல்லாம் கமலநாதன் கேலி செய்வார். ஆனால் தேனீக் கதைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்கரெட்டின் மாமனார் இறந்தபோது தேனீக்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். ஒரே வாரத்தில் கூடு காலி. வீட்டில் பொய்யும் சண்டையும் இருந்தாலும் அவை தங்காதாம்.

அதே வீடியோ காலில்தான் ரூபினி தன் சேதியையும் சொன்னாள். "அஞ்சு மாசம் வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்பா. பெரியம்மாவுக்கு நானே சொல்லுவேன். என் வாயாலதான் அவங்க கேக்கணும்."

பெரியம்மா பேச்சியம்மாள், கமலநாதனின் மனைவி வாசுகியின் அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கமலநாதனும் வாசுகியும் மாறி மாறி ஷிப்டுக்கு ஓடிய காலத்தில் ரூபினியைத் தூக்கி வளர்த்தவர்.

தேனீக்களுக்குச் சேதி சொன்ன மறுநாள் மத்தியானம் பேச்சியம்மாளின் போன் வந்தது.

"என்னடி வாசுகி, வீட்டுல விசேஷமாமே? தெருவே பேசுது. எனக்கு மட்டும் சொல்ல வாய் வரலையா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று போனை வைத்த வாசுகி கணவன் பக்கம் திரும்பினாள். "யாருகிட்டங்க சொன்னீங்க?"

"சத்தியமா தேனீகிட்ட மட்டும்தான்."

"தேனீயா எங்கக்காவைப் பாத்துச் சொல்லிச்சு?"

வேலியோரம் நின்ற நிஷாவின் முகம் கமலநாதனுக்கு நினைவுக்கு வந்தது. சரி, அவள் காதில் விழட்டும் என்று மறுநாள் காலை பெட்டியைத் தட்டிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார். "ரூபினிக்கு ஒண்ணும் இல்ல! நான் சும்மா சொன்னேன்!"

பத்து மணிக்கெல்லாம் பேச்சியம்மாள் போனில் அழுதார்.

"இருக்குன்னாங்க, இப்ப இல்லங்கிறாங்க. என் புள்ளைக்கு என்னடி ஆச்சு? எதை மறைக்கிறீங்க? நான் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்."

வாசுகி கமலநாதனைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காகிட்ட சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரின்னுதான் நானே வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க அதைவிட மோசம்!"



அடுத்த நாள் குழாய் வாசலில் இரண்டே இரண்டு தேனீ. பொய்யும் ஆயிற்று, சண்டையும் ஆயிற்று! கமலநாதன் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஆள் இல்லை, பாண்டான் செடிகள்தான் லேசாக அசைந்தன.

"மன்னிச்சிருங்க" என்று கிசுகிசுத்தார். "நேத்து சொன்னது பொய். புள்ளத்தாச்சி நல்லாத்தான் இருக்கா. சண்டைகூட, வாசுகி அவ அக்காவை ரேடியோன்னு சொன்னதுலதான் பெருசாச்சு. போயிராதீங்க."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டைக் குடைக்காம்பால் தட்டும் சத்தம் கேட்டது.

"ரேடியோ வந்திருக்கேன். கதவைத் தொற."

உள்ளே வந்த பேச்சியம்மாள் உட்காரக்கூட இல்லை. "அவளுக்கு முத முதல்ல சோறு ஊட்டினது இந்தக் கைடி. தெருவுல போறவங்க சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்?"

வாசுகி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவளே உன்கிட்ட சொல்லணும்னு ஆசைப்பட்டாக்கா. உன்னை விட்டுட்டு இல்ல. உனக்குன்னு வச்சிருந்தா."

பேச்சியம்மாளின் குடை கீழே விழுந்தது. "எனக்குன்னா?" என்று கேட்டுவிட்டு அவரும் அழ ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு கமலநாதனால் நிற்க முடியவில்லை. விறுவிறுவென்று பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்தார். சகோதரிகள் இருவரும் கண்ணைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தார்கள். நாசி லெமாக் வரிசையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"ஏம்மா நிஷா, வேலியில காதை வச்சுக் கேட்டுட்டு வந்து ஊருக்கெல்லாம் சொல்றியே, இது நாயமா?"

நிஷாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கடைக்கு மேலே சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டியை அவள் சுட்டிக் காட்டினாள். அதன் இடுக்கிலிருந்து மெழுகுக் குழாய் ஒன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்க, அதைச் சுற்றிக் கருகருவென்று கெலுலுட் கூட்டம் மொய்த்தது.

"அலாமாக், ஊருக்கு எங்கண்ணே சொன்னேன்? உங்க தேனீ எல்லாம் போன மாசத்துலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா இங்க குடி வந்துருச்சு. நீங்க பாவம் காலிப் பெட்டிகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்களேன்னு, உங்க வீட்டுச் சேதியையெல்லாம் நான்தான் தெனமும் இதுங்களுக்கு நல்லாக் கேக்கட்டும்னு சத்தமாச் சொல்லிக்கிட்டு வர்றேன்!"