பெரிய சாஹிப் பூட்ஸுக்கு வைத்த ஜன்னல்

நாலு பேருக்கு மேலே ஒருத்தரைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் முதலில் அவருக்குக் காது போய்விடும். வாய் மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்யும். வேறு யாரையும் பார்த்துவிட்டு இதைச் சொல்லவில்லை. எனக்கே போனது. அதுவும் இரண்டே பேருக்கு மேலே உட்காருவதற்குள்ளேயே போனது.

டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கால் கட்டும் அறையில் ஆயாவாக இருந்தேன். ஆயா என்றதும் தரை துடைக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். (முதலில் தரைதான் துடைத்தேன். அது வேறு விஷயம்.) சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். டெல்லி முழுக்க மேம்பாலமும் ஸ்டேடியமும் எழும்பிக்கொண்டிருந்த சமயம். எங்கள் வீட்டுக்காரர் அங்கே கொத்து வேலை பார்த்தார். நான் ஆஸ்பத்திரியில் கால் பார்த்தேன்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் குஷ்டம் வந்து குணமானவர்களுக்கும் காலில் உணர்ச்சி இருக்காது. செருப்பில் ஆணி குத்திக்கொண்டே இருக்கும், அவர்கள் பாட்டுக்கு பஸ் பிடித்து வீடு போய்ச் சேருவார்கள். புண் பெரிசான பிறகுதான் எங்களிடம் வருவார்கள். காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, தடித்த தோலைச் சீவி, மருந்து வைத்துக் கட்டுவோம். அதோடு விட்டால் மறுபடியும் அதே செருப்பு, அதே புண். அதனால் செருப்புக்குள்ளே கையை விட்டுப் பார்த்து, எந்த இடம் காலை அழுத்துகிறதோ அந்த இடத்தில் வட்டமாக வெட்டி எடுத்துவிடுவோம். அதற்கு எங்கள் அறையில் ஜன்னல் வைப்பது என்று பெயர்.

அறைக்குப் பொறுப்பு டாக்டர் மாதுர் அம்மா. ஒல்லியாக இருப்பார், அதிர்ந்து பேச மாட்டார். வெளிநாட்டில் காலுக்கென்றே தனிப் படிப்பு, தனி டாக்டர், தனி காலேஜ் எல்லாம் இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். (வீட்டில் போய்ச் சொன்னேன். “அப்ப முட்டிக்கு மேல வலிச்சா வேற ஆளப் பாக்கணுமா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.) இங்கே அப்படி எதுவும் இல்லை. அதனால் ஆயாக்களையாவது முறையாகப் பழக்கி, ஒரு பயிற்சி வகுப்பாக நடத்தலாம் என்று டாக்டரம்மா மேலே எழுதிப் போட்டார். அதற்கு இன்சார்ஜ் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டார். அஞ்சலை. படிப்பு, மூன்றாம் வகுப்பு.

மேலே இருந்த பெரிய சாஹிப் அதைப் பார்த்துவிட்டு, “மூணாங்கிளாஸ் படிச்சவ எப்படிப் பாடம் நடத்துவா? நானே நேரில் வந்து பார்க்கிறேன்” என்றாராம். அவர் தலையாட்டினால் வகுப்பு உண்டு, நான் இன்சார்ஜ், பழகுகிற இரண்டு பெண்களுக்கும் வேலை நிரந்தரம். ஆட்டாவிட்டால் மூன்று பேரும் திரும்ப வாளியும் துடைப்பமுமாகப் போகவேண்டியதுதான்.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி செல்வி, குடிசைகள் நிறைந்த எங்கள் ஜுக்கி காலனிப் பெண். இன்னொருத்தி ராம்கலி, பீகார்க்காரி. ராம்கலிக்குத் தமிழ் தெரியாது, செல்விக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் இன்சார்ஜ் ஆகப் போகிறேன் என்று தெரிந்த அன்றே ஒரு சட்டம் போட்டேன்.

“வேல நேரத்துல கேள்வி கேக்கக் கூடாது. சொன்னதச் செய்யணும். தெரிஞ்சுதா?”

“ஏங்க்கா?” என்றாள் செல்வி.

“இந்தா, இப்பவே கேக்கறே பாரு!”

இன்னொரு சட்டமும் இருந்தது. பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் டப். வெட்ட வேண்டிய செருப்பை அதில்தான் போடுவோம். டப்பில் விழுந்தால் ஜன்னல் நிச்சயம்.

சாஹிப் வருகிற அன்றைக்கு நல்ல பனி. ஏற்பாடெல்லாம் பக்காவாக இருந்தது. லாரி ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு சர்தார்ஜி, எங்கள் பழைய பேஷண்ட், தன்னுடைய பூட்ஸை டப்பில் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நாங்கள் சாஹிப்பை வைத்துக் குத்துவிளக்கு ஏற்றி முடிப்பதற்குள் இந்தப் பெண்கள் பக்கத்து அறையில் அதற்கு ஜன்னல் வைத்து, தட்டில் கொண்டுவந்து சாஹிப்பிடம் காட்ட வேண்டும். ஆனால் சர்தார்ஜிக்குக் குளிர். “சாஹிப் வந்தப்புறம் கழட்டித் தர்றேன்மா” என்று வெளி பெஞ்சில் பூட்ஸோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது தெரியாது. நான் கஞ்சி போட்ட புடவையில், உட்காரவும் முடியாமல் குனியவும் முடியாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய சாஹிப் வந்தார். கோட்டு, டை, காலில் முகம் பார்க்கலாம் போன்ற கறுப்பு பூட்ஸ். அப்படியே விளக்குப் பக்கம் நடந்தார். டெல்லியில் பூட்ஸ் காலோடு விளக்கேற்றுவது அவர்களுக்குப் பழக்கம். எனக்குப் பொறுக்குமா? வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“சாஹிப், விளக்கு ஏத்தறோம். ஜூத்தா கழட்டணும்.”

சாஹிப் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மின்விசிறியைப் பார்த்தார். சாஹிப் முனகிக்கொண்டே குனிந்து நாடாவை அவிழ்த்தார்.

சரி, கழற்றியாயிற்று. எங்கே வைப்பது? வராந்தாவில் விட்டால் வாசற்படி தாண்டுவதற்குள் காணாமல் போகும். ஆஸ்பத்திரியில் செருப்புத் திருடர்கள் டாக்டர்களைவிட அதிகம். பெரிய மனிதர் பூட்ஸ், பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், எனக்குத் தெரிந்ததிலேயே பத்திரமான இடத்தில் வைத்தேன்.

நீல டப்பில். (நானேதான். என் கையாலேயேதான்.)

விளக்கேற்றினார்கள். டாக்டரம்மா பேச ஆரம்பித்தார். நான் பக்கத்து அறைக் கதவோரம் காவல்காரி மாதிரி நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து செல்வி மெதுவாகக் கூப்பிட்டாள்.

“அக்கா… அக்கா…”

“என்னடி?”

“இல்லக்கா, டப்புல இருக்கற பூட்ஸு…”

“கேள்வி கேக்காதேன்னு சொன்னனா இல்லயா?”

“புதுசாட்டம் இருக்குதுக்கா…”

“டப்புல இருக்கறத வெட்டு. ஜல்தி!”

அதற்குமேல் அவள் என்ன செய்வாள் பாவம்.

டாக்டரம்மா பேசி முடித்ததும் கையைத் தட்டினேன். ராம்கலி சீர்வரிசை கொண்டுவருகிற மாதிரி எவர்சில்வர் தட்டை ஏந்தி வந்தாள். தட்டில் சாமந்திப் பூ. பூவுக்கு நடுவில் ஒற்றை பூட்ஸ். இடது கால். சுண்டு விரல் இருக்கும் இடத்தில் ரூபாய்க்காசு அளவுக்கு வட்டமாக ஒரு ஜன்னல்.

சாஹிப் அதை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அச்சா! எவ்வளவு சுத்தமான வெட்டு. எந்தப் பேஷண்டோடது?”

எனக்கு அப்போதுதான் அந்தப் பளபளப்பு கண்ணில் பட்டது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சர்தார்ஜி பொறுப்பாகச் சொன்னார்: “என்னோடது என் கால்லயே இருக்கு ஜி.”

சாஹிப் குனிந்து தன் சாக்ஸைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தார். அந்த ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் என்னைப் பார்த்த மாதிரிகூட இருந்தது.

“யார் வேலை இது?”

செல்வி கத்திரியை முந்தானைக்குள் ஒளித்தாள். ராம்கலி தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“என் வேலை சாஹிப்” என்றேன். “இந்தப் பொண்ணுங்க சொன்னதச் செஞ்சாங்க. சொன்னது நான்.”

அவர் இரண்டு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு நடந்தார். வராந்தா முழுக்க அந்த ஜன்னலில் வெள்ளை சாக்ஸ் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனது.

டாக்டரம்மா திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “உட்காரு அஞ்சலா, சாய் குடி” என்றார். நான் அழுதேன். செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அதாங்க்கா கூப்புட்டேன்” என்று அவளும் அழுதாள். எனக்கு என் வேலை போனதைவிட, பால்குடிப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிற அவள் வேலையும் போய்விட்டதே என்பதுதான் பெரிசாகப் பட்டது.

வீட்டுக்காரர் கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரிப்பை அடக்கினார். கடைசியில், “வுடு. நாளைக்கு என்கூட சைட்டுக்கு வா. அங்க எவனும் பூட்ஸு போடறதில்ல” என்றார்.

மறுநாள் காலையில் வாளியைத்தான் முதலில் எடுத்தேன். அப்போது சாஹிப்பின் டிரைவர் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து நின்றான். பிரித்தால் அதே பூட்ஸ். ஜோடியாக.

“ஆபீஸில் பியூன்கூட சிரிக்கிறானாம். ஒரு கால்ல மட்டும் ஓட்டை இருந்தா கிழிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. ரெண்டுலயும் இருந்தா புது மாடல்னு சொல்லிக்கலாமாம். வலது காலுக்கும் அதே மாதிரி வெட்டித் தரச் சொன்னார்.”

டாக்டரம்மா முகத்தில் உயிர் வந்தது. “வெட்டிக் கொடுத்துவிடு அஞ்சலா, சீக்கிரம்” என்றார். கத்திரியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு, என்ன தோன்றியதோ, செல்வி பக்கம் திரும்பினேன்.

“நீ என்னடி சொல்றே?”

அவள் நம்பவே இல்லை. “நானா? கால பாக்காம எப்படிக்கா வெட்டறது? நேத்து கைய வுட்டுப் பாத்தேன். இடது பூட்ஸுதான் சுண்டு வெரல அழுத்துது, சோத்துக்கால் பூட்ஸு எங்கயுமே அழுத்தல.”

நான் டிரைவரிடம் சொன்னேன்: “கால் பார்க்காமல் வெட்ட மாட்டோம். சாஹிப்பை வரச் சொல்.”

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சாஹிப் வந்தார். ரப்பர் செருப்பில். பேஷண்ட் ஸ்டூலில் உட்கார்ந்து பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டார். செல்வி தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் கழுவித் துடைத்து, விரல் விரலாகப் பார்த்தாள். தன் அரைகுறை இந்தியில், “வலது கால் நல்லா இருக்கு சாஹிப். வெட்ட மாட்டேன்” என்றாள்.

“நான் சொன்னாலுமா?”

“சொன்னாலும்.”

சாஹிப் என்னைப் பார்த்தார். “இங்கே இன்சார்ஜ் நீயா, இவளா?”

“நேத்து நான்தான் சாஹிப், அதான் அப்படி ஆச்சு. இன்னிக்கு இவளக் கேட்டுட்டுதான் எதுவும் சொல்றேன்.”

அவர் சிரித்தாரா இருமினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஆனால் எழுந்து போகும்போது டாக்டரம்மாவிடம், “எவ்வளவு நாளில் வகுப்பு ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டார். அது எங்கள் மூவர் காதிலும் தெளிவாக விழுந்தது.

வகுப்பு ஆரம்பித்தது. ரிட்டயர் ஆகும்வரை நான்தான் இன்சார்ஜ். என்னிடம் பழகிய பெண்கள் டெல்லியில் எத்தனையோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். கேள்வி கேட்டே என் உயிரை எடுத்தவர்கள். செல்வி எனக்குப் பின்னால் இன்சார்ஜ் ஆனாள்.

வீட்டில்தான் இந்தக் கதை ஓயவில்லை. என் மகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் கல்யாணத்தில் அவளுடைய பஞ்சாபி சிநேகிதிகள் அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்தார்கள். காசு கொடுத்தால்தான் திருப்பித் தருவார்களாம். மாப்பிள்ளை டெல்லி ஜனக்புரிப் பையன், அவருக்கும் அந்த வழக்கம் தெரியும். பேரம் பேசுவார் என்று அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். அவர் பர்ஸையே எடுத்து நீட்டிவிட்டார்.

“எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எங்க வேணும்னாலும் ஒளிச்சு வைங்க. அத்தை கைல மட்டும் குடுத்துடாதீங்க!”

மண்டபமே சிரித்தது. சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் குனிந்து, தன் செருப்பைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.