சீனியம்மாள் காத்த ஆறு இலக்கம்

வாழி தரணி! தூசிக்கு அஞ்சாத் துணிவினள், அட்டை கிழிந்த பெருநூல்களை ஒற்றைக் கையால் உருவும் தோளினள், மானிடவியல் மூன்றாமாண்டு வகுப்பின் கடைசி பெஞ்சைத் தனிக்குடை நிழற்றி ஆளும் கோமகள். அவள் ஒருநாட் போரைப் பாடப் புகுந்தோம். கேட்பீர், கைபேசியைச் சற்றுக் கவிழ்த்து வைப்பீர். அன்று மாலை ஐந்து மணிக்குள் பத்து நூற்குறிப்புகள் கொண்ட பட்டியலை அவள் பேராசிரியருக்கு அனுப்பியாக வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெயர்ந்து வந்து, வீரபாண்டிக் கம்பெனி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக ஓவர்லாக் மெஷினில் அமர்ந்திருக்கும் சீனியம்மாளின் திருமகளாதலின், பனியன் கம்பெனியில் உடன் தைப்போர் ஒருவரையொருவர் எம்முறை சொல்லி விளிக்கின்றனர் என்னும் ஆய்வுப்பொருளைத் தரணி தன் தாய்வீட்டுச் சீதனமாகவே கருதியிருந்தாள். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் அப்பொருள் பறிக்கப்படும். முன்னமே உடன்பயில்வோர் ஏழு பேர் ஆய்வுக்கென மொய்த்துக் கிடக்கும் திருமுருகன்பூண்டிச் சிலைக்கூடங்களில் எட்டாம் ஆளாகப் போய் நிற்க நேரும் எனப் பேராசிரியர் பிரகடனம் செய்திருந்தார். அங்கே போய் நிற்க அவளுக்குச் சுத்தமாக இஷ்டமில்லை.

காலை ஒன்பதரைக்கு நூலகம் புகுந்தாள் நங்கை. அலமாரிகள் அணிவகுத்து எதிர்த்தன. கரப்பான்கள் பக்கவாட்டில் தாக்கின. ஏணியேறி, மண்டியிட்டு, ஒன்பது தும்மல் தும்மி ஒன்பது நூற்குறிப்புகளைச் சிறைப்பிடித்தாள். பத்தாவதுக்காக இணையப் பெருங்கடலில் வலை வீச, அக்கடலோ இது திருப்பூர் என்பதை ஒருகணமும் மறவாது, பனியன் என்றால் ஐம்பது உருப்படிக்கு மேல் எடுத்தால் தள்ளுபடி என்றது. உறவுமுறை என்றால் மணமகன் தேவையா என்றது. பதினோராம் பக்கத்தில், பூட்டிய ஆய்விதழ் ஒன்றனுள், அவள் தேடிய அதே பொருளில் ஒரு கட்டுரை தலைப்பை மட்டும் காட்டிச் சிரித்தது.

நூலகர் சாரதாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அருள்வாக்கு நல்கினார்: “அந்த ஜர்னல் நம்ம லைப்ரரிக்கு வர்றதில்லீங்க கண்ணு. காலேஜ் லாகின்ல போனீங்கன்னா ஓடிபி வரும், போட்டாத் தொறந்துக்கும். அட்மிசன்ல யாரு நம்பர் குடுத்தீங்களோ அவிங்களுக்குத்தான் வரும். நம்பர் மாத்தோணும்னா லெட்டர் குடுத்து பத்து நாள் ஆகுமுங்க.”

விதியின் விளையாட்டைப் பாருங்கள். சேர்க்கை நாளில் தரணியிடம் கைபேசி இல்லை. எழுதித் தந்தது அன்னையின் எண். அன்னையின் கைபேசியோ காலையிலேயே சூப்பர்வைசரின் பெட்டிக்குள் சிறைபுகும். பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும், டீ விடும் பத்து நிமிடம் மட்டும் வெளிச்சம் காணும். ஓடிபியின் ஆயுளோ ஐந்தே நிமிடம்.

பதினொன்று அடித்தது. ஓடிபியை வரவழைத்துவிட்டு அன்னையை அழைத்தாள்.

“யம்மா, ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும், சொல்லு.”

“யாரு பேசுதது?”

“தரணிதாம்மா. பேரு வரலியா?”

“பேரு வருது. பேரு வர மாதிரியே பண்ணுவாங்கன்னு பேங்க்காரங்க கம்பெனிக்கே வந்து கூட்டம் போட்டுச் சொல்லிட்டாவ. குரலக்கூட மாத்திப் பேசுவாங்களாம். பெத்த பிள்ள கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது. போன வையி.”

கோட்டைக் கதவு சாத்தப்பட்டது. மீண்டும் அழைத்தாள், மீண்டும் சாத்தப்பட்டது. மூன்றாம் முறை அழைத்தபோது அன்னை போலீசில் சொல்லப்போவதாக முழங்கினாள். ஐந்து நிமிடம் முடிந்து ஆறு இலக்கமும் மாண்டன. தரணிக்குக் கொஞ்சம் அழுகை வந்தது.

ஆயினும் அவள் யார் மகள்? இரண்டரை மணி வரை வேறு கட்டுரை தேடியும் சிக்காமற்போக, நூலகத்து நாற்காலியைப் பின்தள்ளி எழுந்து, நேரில் சென்று வெல்வேன் எனச் சூளுரைத்து, மதியச் சோற்றையும் மறந்து, கைப்பிடிக் கம்பியன்றி வேறு துணையில்லா நகரப் பேருந்தில் வீரபாண்டி நோக்கிப் படையெடுத்தாள். அந்தப் பேருந்து வழியில் நிற்காத இடமில்லை. கம்பெனி கேட்டை அவள் அடைந்தபோது மணி நாலாக மூன்று நிமிடம் இருந்தது.

மணியோசை எழுந்தது. கேட் வாட்ச்மேனிடம் சொல்லி அன்னையை அழைத்துவிட்டு, தன் கைபேசியில் புதிய ஓடிபியை வரவழைத்தாள் தரணி. பஞ்சுத்துகள் படிந்த தலையும், ஒரு கையில் கைபேசியுமாகச் சீனியம்மாள் கேட்டருகே வந்தாள். எதிரே நிற்பவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“காலேஜ் கார்டக் காட்டு.”

“யம்மா, விளையாடாத. டயம் ஆவுது.”

“காட்டுன்னா காட்டு.”

காட்டினாள். அன்னை அட்டையையும் முகத்தையும் மாறி மாறி நோக்கி, “போட்டோல மூஞ்சி நல்லால்ல” என்று தீர்ப்புரைத்து, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, யார் காதிலும் விழாதபடி ஓதியருளினாள். திறந்தது பூட்டு. வெளிப்பட்டது கட்டுரை. இருபத்திரண்டு பக்கங்கள், நாற்பது அடிக்குறிப்புகள், மூன்று வரைபடங்கள் கடந்து, இறுதியில் ஆய்வாளர் கண்டடைந்த முடிவைத் தரணி உரக்க வாசித்தாள்: பின்னலாடைத் தொழிற்கூடங்களில் பணிபுரியும் பெண்கள், இரத்த உறவின்றியும், வயதில் மூத்தாரை அக்கா என விளிக்கின்றனர்.

“இதுக்கா இந்தப் பாடு? எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லிருப்பனே.”

“ஓடிபி கேட்டதுக்கே நீ சொல்லல.”

நான்கு மணி ஒன்பது நிமிடத்துக்குப் பத்தாம் குறிப்பு பட்டியலேறியது. பட்டியல் பேராசிரியரை எய்தியது. “சரி, தலைப்பு உனக்கே” எனும் வெற்றிமுரசு கைபேசியில் ஒலித்தது. தரணி அன்னையை, இடையே நின்ற கேட் கம்பிகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அதே கணம் உள்ளே மணி அடித்தது.

சீனியம்மாள் டீ குடிக்காமலே மெஷினுக்குப் போனாள்.