துளிர்விட்ட வேலிக்கால்

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களுக்குக் கல் கிடைத்துவிட்டது. ஆகவே யோசிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மரத்தை நம்பி ஊரைக் காக்கும் மகத்தான பொறுப்பு, அறுபத்திரண்டாம் வருஷம், சேர்மன் தனகோட்டியின் தலையில்தான் விழுந்தது.

ஊர் மேய்கிற மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டில் பாதி வேலிக்கால்கள் அடி உளுத்துச் சாய்ந்துவிட்டன. மாடுகள் தங்கள் சிறைவாசத்தைப் பக்கத்துக் கத்தரித் தோட்டத்தில் கழித்தன. தோட்டம் பூவாயியுடையது. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

"ஏதாவது நாலு காலு நட்டுக் குடுங்க சேர்மனய்யா" என்றாள்.

'ஏதாவது' என்ற சொல் தனகோட்டியைப் புண்படுத்தியது. நிர்வாகத்தில் 'ஏதாவது' கிடையாது. உடனே 'நீடித்த மரத் தேர்வுக் கமிட்டி' பிறந்தது. தேக்கா, வேம்பா, கருவேலா, பூவரசா என்று காராபூந்தி தீரும்வரை விவாதித்தார்கள். வகைக்கு ஒரு கால் நட்டு, மூன்று மழைக்காலம் 'கண்காணிப்பது' என்று முடிவாயிற்று. மாடுகளும் ஒத்துழைத்தன, கண்காணிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் சந்து வழியாகப் போய் வந்தன.

மூன்றாவது மழைக்குள் தேக்கைக் கரையான் தின்றது. வேம்பு அடியில் இற்றது. கருவேலங்கால் யார் வீட்டு அடுப்புக்கோ போய்விட்டது. பூவரசங்கால் மட்டும் நிமிர்ந்து நின்றது. நின்றதோடு துளிரும் விட்டிருந்தது.

தனகோட்டிக்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களா, பேர்லயே அரசு இருக்குது."

"அதான், வேலை செய்யாமயே தழைக்குது" என்றார் கமிட்டி உறுப்பினர், மளிகைக்கடை நேமிராஜ்.

பூவாயிக்கும் பேரில் பூ இருந்தது. அரசுதான் இல்லை.

அடுத்த வாரமே ஒரு கன்றுக்குட்டி அந்தத் துளிரைக் கடித்துவிட்டது. அவசரக் கூட்டம் கூடியது. கால் இப்போது மரமாகிவிட்டது. மரத்தைக் காப்பது தேசக் கடமை. பவுண்டில் மிச்சமிருந்த கால்களையெல்லாம் பிடுங்கி வந்து, பூவரசைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலித் திறப்பு விழாவில் தனகோட்டி கழுத்தில் மாலையோடு பேச எழுந்தபோது பூவாயி முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு கத்திரிச்செடி மிஞ்சல. என்னையும் அங்க ஒரு குழி தோண்டி நட்டுடுங்க சேர்மனய்யா. எனக்கும் சுத்தி ஒரு வேலி வரும்."

கோரிக்கையில் நியாயம் இருப்பதாகத் தனகோட்டிக்குப் பட்டது. கமிட்டி அங்கேயே அதைப் பரிசீலித்தது. மூன்று வருஷ வெயிலுக்கும் மழைக்கும் இவள் இற்றுப்போகவில்லை. இன்னும் நெடுங்காலம் தாங்குவாள். ஆகவே வேலி அவசியமில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.