சேவலின் மேல் வைத்த பாரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு சேவல் நீங்கலாக அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி போன் செய்து அழைத்தால் தயவுசெய்து இந்த வாரம் மட்டும் தாங்கள் வர வேண்டாம். இவ்வளவு மரியாதைக் குறைவாக நான் யாருக்கும் எழுதியதில்லை. எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.

அலுவலகப் பயிற்சிக்குப் போயிருக்கும் தங்கள் மகள் சனிக்கிழமை திரும்புகிறாள் அல்லவா? அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பரிசு செய்துவைக்கப் பேத்தி முடிவு செய்தாள். பள்ளியில் குவில்லிங் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வண்ணக் காகிதத்தை மெல்லிய நாடாவாக வெட்டி, பல்குத்தும் குச்சியில் சுருட்டி, சுருளைக் கிள்ளி இறகாகவோ இதழாகவோ ஆக்கி, அட்டையில் நிற்கவைத்து ஒட்டுவது. என்ன உருவம் என்று கேட்டேன். "சேவல்" என்றாள். ஏன் சேவல் என்றேன். "அம்மாதானே தாத்தா தினம் காலைல கத்திக் கத்தி எல்லாரையும் எழுப்புறாங்க?" என்றாள். தங்கள் மகளைச் சேவல் என்றது நான் அல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் சிரிக்கவும் இல்லை. சிரித்தவள் என் மனைவி.

காகிதம் வெட்டும் பொறுப்பு எனக்கு. பென்சிலால் கோடு போட்டு, நாடா ஒவ்வொன்றும் சரியாக மூன்று மில்லிமீட்டர் அகலம் வருமாறு வெட்டினேன். அதனால் எனக்கு ஸ்கேல் தாத்தா என்று பெயர். (மரப்பட்டறை நடத்தியவர் என்பதால் தாங்கள் சுத்தியல் தாத்தா. இதுவும் அவள் வைத்ததே.) ஐந்து மாலைகளில் எண்பத்து நான்கு இறகுகள் முடிந்தன. ஒவ்வொரு மாலையும் எழுந்திருக்கும்போது, "நாளைக்கும் கரெக்டா வந்துடணும் தாத்தா" என்பாள். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் வராவிட்டால் நின்றுபோகும் வேலை என்று ஒன்று இருக்கிறதே என்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

இன்று அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். சேவலைப் பார்த்தேன், வாலில் இரண்டு இறகுகள் லேசாகத் தூக்கியிருந்தன, சரியாக ஒட்டவில்லையோ என்று சந்தேகம் வந்தது, எனக்குச் சந்தேகம் வந்தால் போகாது என்பது தங்களுக்குத் தெரியும், ஆவணக் காப்பகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கிழிந்த தாள்களை ஒட்டியவன், ஒட்டிய எதையும் பாரம் வைக்காமல் விட்டதே இல்லை, ஆகவே மேலே ஒரு வெள்ளைத்தாள் விரித்து, அகராதியின் இரண்டு தொகுதிகளை வைத்து, அது போதுமா என்று மறுபடி சந்தேகம் வந்து, இஸ்திரிப் பெட்டியையும் தூக்கி அதன்மேல் வைத்தேன். நின்றுகொண்டிருப்பதுதான் அந்தச் சுருள்களின் அழகே என்பது இஸ்திரிப் பெட்டியை எடுத்த பிறகுதான் உறைத்தது.

"ஏங்க, ஆபீஸ்ல வச்ச பாரமெல்லாம் பத்தலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

பேத்தி வந்து வெகுநேரம் பார்த்தாள். "சேவல் மேல யாரு தாத்தா உக்காந்தது?"

"ஈரப்பதமா இருக்கும்மா" என்றேன்.

"ஈரப்பதமா? அது எப்ப நம்ம வீட்டுக்கு வந்துச்சு?"

உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. "சரி, சுத்தியல் தாத்தாவுக்குப் போன் போடுங்க. அவர் வந்தா ஒரே நாள்ல முடிச்சிடுவார்" என்றாள். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

தாங்கள் கைத்தொழில் தெரிந்தவர். வந்தால் முடித்தும்விடுவீர்கள். பிறகு அந்த மேஜையில் எனக்கு என்ன வேலை? அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். அவள் அழைத்தால் முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கால் என்று நிச்சயம் கேட்பாள், வலது என்றே கடைசிவரை சொல்லவும். வெள்ளிக்கிழமைக்குள் எப்படியும் புதுச் சேவல் செய்துவிடுவேன். மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன், வர வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். எல்லா நலமும் பெருகட்டும்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு (புதன்): இக்கடிதத்தை அனுப்புவதற்குள் தாங்களே காலையில் வாசலில் வந்து நின்றுவிட்டீர்கள். என் மனைவியின் போனில் சார்ஜ் இருந்ததாம். மாலை என் நாற்காலியில் தாங்கள் உட்கார்ந்ததை அறைக்குள்ளிருந்து பார்த்தேன். பேப்பர் படிப்பதுபோல இருந்தேன், படிக்கவில்லை. பிறகு, "ஐயோ சுத்தியல் தாத்தா! இது இறகு, நீங்க கயிறு திரிக்கிறீங்க! ஸ்கேல் தாத்தா, வாங்களேன், இவருக்கு நீங்களே சொல்லிக் குடுங்க, என்னால முடியல" என்ற குரல் கேட்டது. "இந்த விரலுக்கு இது சரிப்படாது சம்பந்தி, நான் நாளைக்கே கிளம்புறேன்" என்று தாங்கள் சொன்னீர்கள். அப்படிச் சொல்லலாமா? இன்னும் அறுபத்தொன்பது இறகுகள் பாக்கி. கிள்ளும் வேலைக்கு என் கை நடுங்குகிறது, தங்கள் கை நடுங்கவில்லை. நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் கடிதத்தைத் தங்கள் தலையணையின்மேல் வைக்கிறேன். கையெழுத்திட்ட கடிதத்தைக் கிழித்துப் பழக்கமில்லை. மேலே மூன்று இடங்களில் "வர வேண்டாம்" என்று இருக்கிறது. மூன்றையும் "போக வேண்டாம்" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.