ஸ்டிக்கரைப் பாருங்க, ஆளைப் பார்க்காதீங்க

பதினொன்று இருபதுக்கு வேன் கிளம்பியது. நான்தான் பள்ளிக்கூட கேட்டில் நின்று, பெரிய தலைவரைப் போலக் கையசைத்து வழியனுப்பினேன். அந்த வேனுக்குள் என் மகளும் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

என் யோக்கியதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செக்கிங்காரன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் உருப்படிகளை (எங்கள் பேச்சில் 'பீஸ்') புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடிப்பது வேலை. பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, காபி கொடுத்தவளை விட்டுவிட்டு, மாமனார் சட்டையில் பட்டன் ஏறுமாறாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி சுகந்தி இன்றும் சொல்வாள். (ஏறுமாறாகத்தான் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?)

தொழிற்சங்கம் என்றால் போனஸ் சமயத்தில் கொடி பிடிப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் கிளையைப் பார்த்ததில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கவுன்சிலருக்கு முன்னால் எங்கள் செயலாளர் மாடசாமிக்குத்தான் போன் போகும். சாக்கடை அடைத்தால் நாங்கள், ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனால் நாங்கள், ரத்தம் வேண்டும் என்றாலும் நாங்கள். மாடசாமி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், டெய்லர். மனு எழுதும் வேலையை மட்டும் என்னிடம் தள்ளிவிடுவார். 'பெருமதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தால் நான் மூன்று பக்கத்துக்குக் குறையாமல் நிறுத்துவதில்லை.

அந்த வருடம், தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துவதாக முடிவு செய்தோம். இடம், எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளி. கோவையிலிருந்து ஒரு கண் மருத்துவமனை டாக்டர்களையும் ஒரு வேனையும் அனுப்பும். மேற்கொண்டு பார்க்க வேண்டிய குழந்தைகளை அம்மா அல்லது அப்பாவோடு அன்றைக்கே வேனில் கூட்டிப்போய், சாயந்திரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். இதில் நான் புகுந்தேன்.

"போன தடவை பல் முகாம்ல ஒரே கூச்சலுங்க தோழர். யாரைப் பாத்தாச்சு, யாரைப் பாக்கலைன்னே தெரியல. நம்ம கம்பெனில பண்ற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டீட்டா முடிஞ்சுதுங்க" என்றேன் கூட்டத்தில். பச்சை என்றால் பாஸ், குறையில்லை. மஞ்சள் என்றால் ஆல்டர், சின்னக் குறை, இங்கேயே சொட்டு மருந்து. சிவப்பு என்றால் ரிஜெக்ட், வேனில் ஏற்ற வேண்டியது.

மாடசாமிதான் குறுக்கே வந்தார்.

"ஏ செல்வராசு, கம்பெனில நம்மள பீஸா நெனைக்கான்னுதான சங்கம் வச்சிருக்கோம்? இப்ப நாமளே நம்ம புள்ளைகள பீஸாக்கவாடே?"

"அது சும்மா ஒரு அடையாளத்துக்குத்தானுங்க தோழர்."

"அதத்தாம்டே மொதலாளியும் சொல்லுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாளே காதர்பேட்டைக் கடைவீதிக்குப் போய் மூன்று ஸ்டிக்கர் ரோல் வாங்கி வந்துவிட்டேன். பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் என்று கம்பெனிக்கு அச்சடித்த ஸ்டிக்கர்தான் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் பேனாவால் டோக்கன் எண் எழுத வேண்டும் என்பதும் என் ஏற்பாடு.

முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை சுகந்திக்குக் கம்பெனியில் அரை ஷிஃப்ட். ஷிப்மென்ட் அவசரம். கிளம்பும்போது, "பாப்பாவை உங்க கண்ணு முன்னாடியே வெச்சுக்கோங்க. மைக்கைப் புடிச்சா உங்களுக்கு ஊடு வாசல் ஞாபகம் இருக்காது" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன்.

பாப்பா என்பது மிதுனா. எட்டு வயது. மஞ்சள் கவுன், இரட்டைச் சடை. முகாம் ஆரம்பித்ததும், எல்லாருக்கும் முன்மாதிரியாக இருக்கட்டும் என்று என் மகளுக்கே முதல் ஸ்டிக்கரை ஒட்டினேன். பச்சை. எண் ஒன்று.

"அப்பா, டாக்டரு இன்னும் என்னையப் பாக்கவே இல்லியே" என்றாள்.

"அப்பா பாத்துட்டேன் கண்ணு. உனக்கென்ன குறை? போய் விளையாடு."

அவள் என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் யாரோ மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மனிதன் கெடுவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கேட் பக்கம் நின்ற சங்கத் தோழர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் உத்தரவு போட்டேன். "ஸ்டிக்கரைப் பாருங்க, ஆளைப் பாக்காதீங்க! சிவப்பு இருந்தா வேன்! கேள்வி கேக்காதீங்க!"

பத்து மணிக்கு முதல் கலவரம். ஓர் அம்மா தன் பையனை இழுத்துக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். பையன் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர்.

"ஏனுங்க, எம்பையனை ரிஜெக்ட்டுன்னு ஒட்டிப்போட்டீங்களாமா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"அது கண்ணுக்கு மட்டும்தானுங்க அக்கா. பையன் நல்ல பையன்தானுங்க."

"நல்ல பையன்னா பாஸ் போடுங்க!"

அவருக்காக ஒரு பச்சையும் ஒட்டினேன். (ஒரே குழந்தைக்கு பாஸும் ரிஜெக்ட்டும் போட்ட செக்கிங்காரன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.)

வேன் கிளம்பும் நேரத்தில் சரிதா வந்தாள். ஒடிசாக்காரப் பெண், எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவு, சங்க உறுப்பினர். அவளுடைய சின்னப் பையனுக்குச் சிவப்பு விழுந்திருந்தது. மகள் பிங்கியையும் கூடக் கூட்டிப்போகிறாள். பிங்கியும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். சரிதா மேடைக்குக் கீழே நின்று, "அண்ணா, மிதுனா..." என்று ஆரம்பித்தாள்.

நான் மைக்கை மூடிக்கொண்டு, "என்னம்மா, சிவப்பு ஸ்டிக்கர் இருக்குதா?" என்றேன்.

"இருக்கு அண்ணா. ஆனா..."

"இருந்தா ஏத்து. ஆளைப் பாக்காதே."

அவள் இரண்டு அடி போனாள், திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள். நான் கேட்டுக்குப் போய்க் கையசைத்தேன்.

பன்னிரண்டேகாலுக்குத் தக்காளி சாதம் வந்தது. மிதுனாவைக் கூப்பிட்டேன். இல்லை. வகுப்பறைகளில் இல்லை. ஊஞ்சலில் இல்லை. கழிப்பறைப் பக்கம் இல்லை. மைக்கில் கூப்பிட்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளை காணாமல் போன அப்பனுக்கு எத்தனை இடங்கள் நினைவுக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. மெயின் ரோடு, லாரி, சாக்கடை, பள்ளித் தண்ணீர்த் தொட்டி.

மாடசாமி மைக்கை என்னிடமிருந்து வாங்கினார்.

"தோழர்களே, தட்ட கீழ வைங்க. நம்ம செல்வராசு புள்ளயக் காணல. மஞ்சக் கவுனு, ரெட்டச் சடை. வண்டி வச்சிருக்கவன் எல்லாம் எந்திரி."

சாப்பாட்டில் கை வைத்திருந்தவர்கள் கையைக் கழுவக்கூட நிற்கவில்லை. முப்பது வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பின. சிலர் அனுப்பர்பாளையம் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள், சிலர் சாக்கடையோரமாகப் போனார்கள். பேக்கிங் பிரிவு வட இந்தியப் பையன்கள் தெருத்தெருவாக நடந்து இந்தியிலேயே விசாரித்தார்கள். என் கிளைத் தோழர்களைப் பற்றி மனுவில் எத்தனையோ முறை 'ஒன்றுபட்ட சக்தி' என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குக் கை கால் உண்டு என்று அன்றுதான் பார்த்தேன்.

நான் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். தரையோடு தரையாக இருக்கும் தொட்டி அது. இரும்பு மூடி போட்டுப் பூட்டியிருந்தது. முந்தைய வருடம் அதற்கு மூடி போடச் சொல்லி மாநகராட்சிக்கு மூன்று பக்க மனு எழுதியது நான்தான். எழுதியபோது என் தமிழை நினைத்துப் பெருமைப்பட்டேனே தவிர, எந்தப் பிள்ளைக்காக எழுதுகிறேன் என்று யோசித்ததில்லை. பூட்டை இழுத்துப் பார்த்தேன். பிறகு அந்த மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணிக்குச் சுகந்தி வந்தாள். தலையில் நூல் பிசிறு, கையில் டிபன் பை.

"பாப்பா எங்கீங்க?"

"செக் பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

சுகந்தி பையைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக, என்னிடம் மரியாதை இல்லாமல் பேசினாள்.

"இருவது வருசமா துணியில ஊசி ஓட்டையக் கண்டுபுடிக்கறே. பெத்த புள்ளையத் தொலைச்சுப்போட்டு இங்க உக்காந்திருக்கறியா? எந்திரி!"

எழுந்து திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, "நில்லு. முதுகுல என்ன அது?" என்றாள். என் சட்டையிலிருந்து எதையோ பிய்த்து என் முன் நீட்டினாள்.

பச்சை ஸ்டிக்கர். பாஸ். எண் ஒன்று, என் கையெழுத்தில்.

காலையிலிருந்து நான் முதுகில் 'பாஸ்' போட்டுக்கொண்டு முகாம் முழுக்க அதிகாரம் செய்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் அவமானம் உறைக்கவில்லை. மிதுனா பச்சையைக் கழற்றி என் முதுகில் ஒட்டிவிட்டாள் என்றால், அவள் கவுனில் என்ன ஒட்டியிருந்தது? சரிதாவின் குரல் அப்போதுதான் காதில் விழுந்தது, இரண்டு மணி நேரம் கழித்து. 'அண்ணா, மிதுனா...' 'இருக்கு அண்ணா. ஆனா...'

"வேன்!" என்று கத்திக்கொண்டே மேடைக்கு ஓடினேன்.

சரிதா கையில் போன் இல்லை, அது அவள் கணவனிடம் இருந்தது. டிரைவர் எடுக்கவில்லை. மாடசாமி மருத்துவமனைக்குப் போன் போட்டு, முகாமைக் கவனிக்கும் அம்மாவைப் பிடித்து, ஸ்பீக்கரில் வைத்தார்.

"மஞ்சள் ஃபிராக் போட்ட பாப்பாவா? இங்கதான் இருக்காங்க. கண்ணுக்கு மருந்து விட்டு உட்கார வெச்சிருக்கோம். கூட வந்த அம்மா மடியில படுத்திருக்காங்க. நீங்க யாரு சார்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். வந்தது பேச்சு இல்லை, அழுகை. சாதாரண அழுகை இல்லை, மாடு கத்துகிற மாதிரி. சுகந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, விஷயம் கேட்டு, ஆறிப்போன தக்காளி சாதத்தை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். மாடசாமி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "செல்வராசு, மைக்க அணைக்கலடே" என்றார். நான்கு தெருவுக்கும் கேட்டிருக்கிறது. மூன்றாவது தெரு டீக்கடைக்காரர் அடுத்த ஒரு மாதம் என்னிடம் துக்கம் விசாரிக்கும் குரலிலேயே, "டீங்களா?" என்று கேட்டார்.

அதற்கடுத்த கிளைக் கூட்டத்தில், 'தோழர் செல்வராசு கையில் இனி எக்காலத்திலும் ஸ்டிக்கர் கொடுக்கக் கூடாது' என்று ஒரு தீர்மானம் வந்தது. எங்கள் கிளையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். நானும் கை தூக்கினேன். வீட்டில் இன்றும் ரசம் வைத்தால் சுகந்தி கரண்டியை நீட்டி, "பாஸுங்களா, ஆல்டருங்களா, ரிஜெக்ட்டுங்களா?" என்பாள். ('ங்க' திரும்பி வந்துவிட்டது. அதற்கு இரண்டு வாரம் ஆனது.) நான் எதைச் சொன்னாலும், "ஆளைப் பாத்துச் சொல்லுங்க" என்று மிதுனா அடுத்த அறையிலிருந்து கத்துவாள். சிரிப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினொன்று இருபது ஆனால், என்ன வேலையில் இருந்தாலும், அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடுவேன். இதை அவர்களிடம் சொன்னதில்லை.

முகாம் நடந்த அன்று சாயந்திரம் ஐந்தரைக்கு வேன் திரும்பி வந்தது. கிளை முழுக்க கேட்டில் நின்றது. சரிதா முதலில் இறங்கினாள், இடுப்பில் தூங்கும் பையன், ஒரு கையில் பிங்கி, மறு கையில் மிதுனா. கவுனில் சிவப்பு ஸ்டிக்கர் ஒரு மூலை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சுகந்தி ஓடிப்போய் மகளை அள்ளிக்கொண்டாள்.

"யாரு கண்ணு உனக்கு இதை ஒட்டினது?" என்று கேட்டேன்.

"நானேதானுங்கப்பா. பச்சையை உங்க முதுகுல ஒட்டிட்டு, ரோல்ல இருந்து சிவப்பை எடுத்துக்கிட்டேன். எனக்குக் கிளாஸ்ல போர்டே தெரியாது. பிங்கி நோட்டைப் பாத்துத்தான் எழுதுவேன். டாக்டரு பாக்கோணும்னா சிவப்பு வேணும்னு நீங்கதான் மைக்குல சொன்னீங்க."

அவளுக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்திருந்தார்கள். சீட்டைச் சரிதா மடித்து, ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்து என் கையில் கொடுத்தாள். "காலையில நீ சொல்ல வந்ததை நான் கேக்கவே இல்லியேம்மா, மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் பையனை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், கம்பெனியில் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"அண்ணா, பீஸ் நல்ல பீஸ். செக்கிங்தான் சரியில்ல."